பதினேழாம் பிரிவுக்கு வாய்தா

திருச்செங்கோட்டில் இரண்டு போர்வெல் ரிக் கூட்டாளிகள் பிரிந்தால் ஊருக்கு இரண்டு ரிக் கம்பெனி கிடைப்பது வழக்கம். தர்ஷனும் நவநீதனும் பிரிந்தபோது ஊருக்கு ஒரு வழக்குதான் கிடைத்தது.

தர்ஷன் தரப்பு வக்கீல் மிருதுளா. நாமக்கல் வணிக ஒப்பந்த மன்றத்தில் பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறவள். மனுவில், பிரிவுக்குக் காரணம் 'நிர்வாகத்தில் ஏற்பட்ட தீராத கருத்து வேறுபாடு' என்று அவள்தான் எழுதினாள். உண்மையான காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. நவநீதன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க நவநீதனும் அவர் மனைவியும் தாம்பாளத் தட்டோடு வருவார்கள் என்று தர்ஷன் வீட்டில் இரண்டு வாரம் பலகாரம் செய்து வைத்துக் காத்திருந்தார்கள். பத்திரிகை ட்ரோனில் வந்தது. வந்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. தர்ஷன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர் வரவில்லையே என்று நவநீதன் கம்பெனிக் கூட்டத்தில் முகம் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒரு வக்கீல்.

பத்திரிகை வைத்த அந்த மாதம் முழுக்க நவநீதன் முதுகு பிடித்துப் படுத்திருந்ததை எதிர்த்தரப்பு வக்கீல் கௌசிக் கேன்டீனில் வைத்துச் சொன்னார். கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் மிருதுளாவுக்கு இல்லை. ஆனாலும் சொன்னாள்.

"முதுகுதானுங்க புடிச்சுது? வாயுமா புடிச்சுப் போச்சு? ஒரு போன் பண்ணியிருக்கலாமல்ல?" என்றார் தர்ஷன்.

அத்தோடு சமாதானப் பேச்சு முடிந்தது.

தர்ஷனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வயதில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஏறியவர், சத்தீஸ்கரிலிருந்து தான்சானியா வரைக்கும் பூமியைத் துளைத்துவிட்டு வந்திருக்கிறார். வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இருந்ததில்லை. தனியாகத் தொழில் செய்ய நீலக் கலரில் புது ரிக் ஒன்றை இறக்கி, பூஜையும் போட்டுவிட்டார். அப்போதுதான் நவநீதன் பழைய ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்கு வந்தார். 'கூட்டிலிருந்து விலகுபவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு இத்தொழிலை எவ்விடத்திலும் எவ்வடிவிலும் செய்தல் ஆகாது.' வழக்கு முடியும்வரை தர்ஷன் ரிக்கைத் தொடக்கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டார்.

பதினைந்து மாதமாகத் தர்ஷன் வீட்டில் இருந்தார். தினமும் காலையில் போய் நீல வண்டியைத் துடைத்தார். மிச்ச நேரத்தில் மனைவிக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தார். "இவர எங்கயாவது அனுப்பி வெச்சுருங்க வக்கீலம்மா, புண்ணியமாப் போகும்" என்று அந்த அம்மா தனியாகப் போன் பண்ணினாள்.

"பன்னண்டு வருசங்கறது செல்லுமுங்களா?" என்று தர்ஷன் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"முன்னெல்லாம் செல்லாதுங்கண்ணா. ஒருத்தர் பொழப்பையே கட்டிப்போடற மாதிரி எழுதினா கோர்ட்டு தூக்கிப் போட்டுரும். மனப்படிவம் வந்ததுக்கப்புறம் சட்டம் மாறிப்போச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தராவது மனசறிஞ்சு ஒத்துக்கிட்டதா இருந்தா எதுவும் செல்லும்."

மனப்படிவம் என்பது பெரிய சமாசாரம் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் தொப்பி மாட்டி, பத்து நிமிடத்தில் அந்த ஆளின் மனதை அப்படியே நகலெடுத்துப் பத்திரத்தோடு முத்திரை போட்டு வைத்துவிடுவார்கள். பின்னால் தகராறு வந்தால் நகலை எழுப்பி, 'நீ எதற்கு ஒத்துக்கொண்டாய்?' என்று கேட்டுக்கொள்ளலாம். நகல் பொய் சொன்னால் திரையின் ஓரத்தில் விளக்கு சிவந்துவிடும். அசல்தான் இத்தனை வருடத்தில் பொய் சொல்லப் பழகியிருக்கும்.

"ரெண்டு நகல்ல ஒண்ணு இந்தப் பிரிவ மனசுல வாங்கியிருந்தாக்கூட நாம தோத்தோம்" என்றாள் மிருதுளா. "ரெண்டுமே வாங்கலைன்னா பிரிவு செத்துது. நீங்க படிச்சீங்களாண்ணா?"

தர்ஷன் கூரையைப் பார்த்தார். "ஞாபகமில்லீங்க."

முதல் விசாரணை வியாழக்கிழமை வந்தது. சாட்சிகளை எழுப்பும் அறையில் மிருதுளா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரையில் முப்பது வயது தர்ஷன் கண்ணைத் திறந்தான். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத புதுச்சட்டை, நெற்றியில் ஈரம் காயாத திருநீறு.

"முடிஞ்சுதுங்களா? எந்திரிக்கலாமா? நவநீ வெளிய நிக்கறானுங்க, பசி தாங்க மாட்டான்."

மிருதுளா இந்த இடத்தில் சொல்ல வேண்டியதை நாற்பத்தொரு முறை சொல்லியிருக்கிறாள். "வணக்கம் தம்பி. நான் வக்கீல் மிருதுளா. நீங்க ஒப்பந்தத்தோட வெச்ச மனப்படிவம். சாட்சிக்காக எழுப்பியிருக்கோம்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப நான் நகலுங்களா?"

"ஆமா தம்பி."

"அசலு?"

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கார்."

"நல்லா இருக்காருங்களா?"

ஒப்பந்தத்துக்குப் பிறகு நடந்த எதையும் நகலிடம் சொல்லக்கூடாது என்பது விதி. "கொஞ்சம் தொப்பை" என்றாள் மிருதுளா. தொப்பையைப் பற்றி விதியில் தனியாக ஒன்றும் இல்லை.

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏனுங்க்கா, சண்டை வந்தாத்தானே எங்களை எழுப்புவாங்க? தொப்பி மாட்டின ஆளு அப்படித்தான் சொன்னாரு. யாரு கூடச் சண்டைங்க?"

"அதச் சொல்லக் கூடாது தம்பி."

"பத்திரத்துல இருக்கறதே ரெண்டு பேருங்க" என்றான் அவன். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மற்ற நாற்பத்தொரு நகல்களும் கேட்டுக்கொண்டே இருந்தன. அதற்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது.

சாட்சியம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நடுவர் அம்மையார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பதினேழாம் பிரிவைப் படித்தீர்களா?"

"இல்லீங்க."

"பதினாறு, பதினெட்டு?"

"எதையுமே படிக்கலீங்க."

"ஏன்?"

"நவநீ பக்கத்துலயே உக்காந்திருந்தானுங்க. அவன வெச்சுக்கிட்டுப் பத்திரத்த எடுத்துப் பக்கம் பக்கமாப் படிச்சா அவன் என்னங்க நினைப்பான்? நம்ம மேல நம்பிக்கையில்லைன்னு நினைக்க மாட்டானுங்களா? மொகத்துல அடிச்ச மாதிரி இருக்குமுங்க."

"பிறகு எந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டீர்கள்?"

"அவன் படிச்சிருப்பானுங்க. அவன் பி.காம்."

விளக்கு சிவக்கவில்லை. நடுவர் பத்திரத்தைப் புரட்டினார். பதினெட்டாம் பிரிவு, கூட்டாளிகள் இருவரும் ரொட்டி, பன், ரஸ்க் ஆகியவற்றின் தரத்தை நாள்தோறும் உறுதிசெய்ய வேண்டும் என்றது. பத்திரம் எழுதினவர் ஏதோ ஒரு பேக்கரியின் ஒப்பந்தத்தை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார். இருபத்திரண்டு வருடமாக இரண்டு ரிக் முதலாளிகள் ரஸ்க்கின் தரத்தை உறுதிசெய்யத் தவறியிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது, யாரும் படிக்கவில்லை.

கௌசிக் எழுந்தார். "படித்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பீர்களா?"

"பன்னண்டு வருசம் ரிக்கத் தொடக்கூடாதுன்னுங்களா?" அவன் யோசித்தான். "நவநீ கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேனுங்க. அவன வுட்டுப்போட்டுத் தனியா ஓட்டி என்னத்தப் பண்றது?"

மிருதுளா எழுந்து ஆட்சேபித்தாள். படித்திருந்தால் என்ன செய்திருப்பான் என்பது சட்டத்துக்குத் தேவையில்லை. நடுவர் கேள்வியைப் பதிவிலிருந்து நீக்கினார். நவநீதனின் நகல் மூன்று வாரம் கழித்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்று உத்தரவானது.

அன்று மாலை மிருதுளா ஒரு படிவத்தை நீட்டினாள். தர்ஷன் கையெழுத்து வேண்டும்.

"இதென்னங்க?"

"நகலை நீக்கறதுக்கான சம்மதம்ணா. வழக்கு முடிஞ்சதும் நீக்கணும்."

"நீக்கறதுன்னா? மறுபடி பெட்டிக்குள்ள வெக்கறதுங்களா?"

"இல்லண்ணா. ஒருக்கா எழுப்பினத மறுபடி முத்திரை போட்டு வெக்கச் சட்டம் விடாது. அழிச்சிருவாங்க."

தர்ஷன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப அவன் எங்கீங்க இருக்கறான்?"

"சாட்சிகள் காத்திருக்கிற அறையில. வழக்கு நடக்கற நாள்ல மட்டும்தான் ஓடும். மத்த நாள்ல நின்னுரும். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, விடாம ஒரே நாள் மாதிரித்தான் இருக்கும்."

"வெச்சுக்கிட்டா என்னங்க? சும்மா இருந்துட்டுப் போறான்."

"ஒரே ஆளு பேர்ல ரெண்டு ஆளு இருந்தா ஓட்டு யாருக்கு, சொத்து யாருக்குன்னு பிரச்சனை வரும்னு சட்டத்துல வுடல."

இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. மற்ற கட்சிக்காரர்கள் நகல்களைப் பழைய போட்டோ போலப் பார்த்துவிட்டு, முடி நிறைய இருந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார்கள். மிருதுளாவுக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்தொரு பேரை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

தர்ஷன் கையெழுத்துப் போட்டார். "பிரிவு செத்தா அடுத்த நாளே வண்டிய எடுத்தறலாமுங்களா?"

"அன்னிக்குச் சாயங்காலமே எடுக்கலாம்ணா."

மூன்று வாரம் கழித்து நவநீதனின் நகலை எழுப்பினார்கள். எழுப்பி, காத்திருக்கும் அறையில் தர்ஷன் நகலோடு விட்டார்கள். சாட்சிகளைத் தனித்தனியாக வைக்க வேண்டும்தான். இரண்டாவது அறைக்கான டெண்டர் ஆறு வருடமாக முடியவில்லை. எப்படியும் பொய் சொன்னால் சிவக்க விளக்கு இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

அந்த அறையைக் காட்டும் திரை தாழ்வாரத்தில் இருந்தது. அதற்கு எதிரே ஒரு நீளமான பெஞ்சு. ஒரு முனையில் தர்ஷனும் மிருதுளாவும், மறு முனையில் நவநீதனும் கௌசிக்கும். நடுவில் ஆறு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. பெரியவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க வேறு வழியின்றித் திரையைப் பார்த்தார்கள்.

"டேய், நீ அந்தப் பத்திரத்தப் படிச்சியாடா?" என்று கேட்டான் திரையில் தர்ஷன்.

"நானா?" நவநீதனுக்கு அங்கே மீசை கருகருவென்று இருந்தது. "நீ படிச்சிருப்பேன்னு நான் உட்டுட்டேன். உன்ற முன்னாடி எப்படிடா படிக்கறது?"

மிருதுளா நிமிர்ந்தாள். வழக்கு முடிந்துவிட்டது. உள்ளே போய் இதையே சொன்னால் பதினேழாம் பிரிவு காலி. "ஜெயிச்சாச்சுண்ணா" என்றாள் மெல்ல.

தர்ஷன் தலையாட்டினார். கண் திரையிலேயே இருந்தது.

அங்கே இரண்டு பேரும் தங்களுக்குள் என்ன சண்டை வந்திருக்கும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள்.

"நெலமா இருக்குமாடா?"

"நமக்கு ஏதுடா நெலம்?"

"இனிமே வாங்கியிருப்பமல்ல?"

"வாங்குனா ஒண்ணாத்தானே வாங்கியிருப்போம். பொண்ணு விசயமோ?"

"உனக்கெல்லாம் பொண்ணு கெடச்சிருக்கவே கெடச்சிருக்காது. வண்டியில எவன் பேரு மொதல்ல எழுதறதுன்னு வந்திருக்கும்."

"உன்ற பேரையே எழுதிக்கடா. எனக்கென்ன வந்துது?"

ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். பத்திரிகை, ட்ரோன், தண்ணீர்த் தொட்டி எதுவும் அவர்கள் புத்திக்கு எட்டவில்லை. எந்த மனிதனுக்கும் எட்டாது.

"எனக்குத்தான்டா பொசுக்குனு கோவம் வரும்" என்றான் தர்ஷன். "நான்தான் எதாச்சும் பேசிப்போட்டிருப்பேன்."

"நீ கோவப்பட்டா என்ன? மறுநாள் காலைல நான் உன்ற ஊட்டுக்கு வந்துருவனே. வந்து காப்பி குடிச்சா முடிஞ்சுது. என்னிக்கு வராம இருந்திருக்கறேன்?"

"அப்பறம் எப்படிடா கோர்ட்டு வரைக்கும் வந்துது?"

நவநீதன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான். பிறகு கணக்குப் போட்டு விடை கண்டவனைப் போல நிதானமாகச் சொன்னான்: "நான் செத்துப் போயிருப்பேன்டா."

"வாயக் கழுவு."

"அதான்டா இருக்கும். இருந்தா வந்திருப்பனல்ல? எனக்கப்பறம் எம்பட ஊட்டுக்காரங்களுக்கும் உனக்கும் சண்டை. சரி, போச்சாது. அவுங்ககிட்டப் பார்த்து நடந்துக்கச் சொல்லு உன்ற அசலுகிட்ட."

திரையில் தர்ஷன் அழ ஆரம்பித்தான். முப்பது வயது ஆண் புதுச்சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுவதைத் தாழ்வாரத்தில் போகிற வருகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். பெஞ்சின் அந்த முனையில், செத்துப்போகாத நவநீதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி குடிக்கப் போயிருக்க வேண்டிய காலைகள் ஐந்நூற்றுச் சொச்சம் கடந்திருந்தன.

உள்ளே வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். மிருதுளா எழுந்தாள். தர்ஷன் அவள் கோட்டைப் பிடித்தார்.

"வாய்தா கேளுங்க."

"எதுக்குண்ணா? இன்னிக்கு முடிஞ்சா சாயங்காலம் வண்டி உங்க கையில."

"தெரியுமுங்க. கேளுங்க."

மிருதுளா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, இத வேற மாதிரியும் முடிக்கலாம். அவரு அங்கதான் உக்காந்திருக்கார். ரெண்டு வார்த்தை பேசினா வழக்கயே வாபஸ் வாங்கிருவார், பாருங்க அவர் மூஞ்சிய. நீங்க பழையபடி சேர்ந்து ஓட்டலாம்."

"வாபஸ் வாங்குனா வழக்கு முடிஞ்சுருமல்ல?"

"முடிஞ்சுரும்."

"முடிஞ்சா இவனுகள?"

மிருதுளா கையிலிருந்த கட்டில் நீக்கல் படிவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப நாங்க சண்டையிலயே இருந்துக்கறமுங்க" என்றார் தர்ஷன். "ரெண்டு பக்கமும் வாய்தா கேட்டா எத்தன நாளைக்குங்க ஓட்டலாம்?"

"ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா எத்தன வருசம் வேணா ஓட்டலாம்ணா. நம்ம நாட்டுல அதுக்கு மட்டும் எல்லையே கெடையாது. வாய்தாவுக்கு வர்ற நாள்ல இவங்களும் முழிச்சிருப்பாங்க. ஆனா அத்தன நாளும் தடை இருக்கும். நீங்க ரிக்கத் தொட முடியாது. அந்தப் பன்னண்டு வருசத்த நீங்களே உக்காந்து கழிக்கற மாதிரி ஆயிரும்."

தர்ஷன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பதினைந்து மாதத்தில் காய்ப்பு உரிந்து, குமாஸ்தா கை மாதிரி ஆகியிருந்தது. அவருக்கு அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. "கேளுங்க" என்றார்.

மன்றத்தில் மிருதுளா வாய்தா கேட்டாள். காரணம் கேட்டார் நடுவர். உடல்நலக் குறைவு என்றாள். யாருக்கு என்றார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

"எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை உண்டா?"

கௌசிக் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து நவநீதன் எழுந்துவிட்டார். "ஒண்ணும் இல்லீங்க. ஆனா ரொம்பத் தள்ளிப் போடாதீங்க. வாராவாரம் போடுங்க."

மன்றத்து மைக் காத்திருக்கும் அறைக்கும் கேட்கும். திரையில் தர்ஷன் துள்ளி எழுந்தான். "டேய்! நீதான்டா அது! நீ சாகலடா!"

"சளி புடிச்ச கொரலு மாதிரி இருக்குதே" என்றான் நவநீதன், சந்தேகத்தோடு.

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். இருபத்தாறு வருட அனுபவத்தில் வாய்தா கேட்பவர்கள் தள்ளித் தள்ளித்தான் கேட்டிருக்கிறார்கள். வாராவாரம் வாய்தா வேண்டும் என்று இரு தரப்பும் சேர்ந்து கேட்பதை அவர் இன்றுதான் பார்க்கிறார். பத்திரத்தைப் பார்த்தார், நீக்கல் சம்மதப் படிவத்தைப் பார்த்தார், தர்ஷனைப் பார்த்தார். பிறகு வாராவாரம் வியாழக்கிழமை, தடை தொடரும் என்று எழுதினார். காரணம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டார்.

நீல ரிக்கை அந்த மாதமே சங்ககிரிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார் தர்ஷன். வண்டி போகும்போது வெளியே வந்து பார்க்கவில்லை என்று அவர் மனைவி சொன்னாள்.

பெஞ்சில் நடுவே இருந்த ஆறு இடம் ஒவ்வொரு வியாழனும் கொஞ்சம் குறைந்தது. ஒரு நாள் தர்ஷன் திரையைப் பார்த்தபடியே, "மக நல்லா இருக்குதா?" என்றார். "இருக்குது. கொழந்தைக்கு எட்டு மாசம்" என்றார் நவநீதன், அவரும் திரையைப் பார்த்தபடியே. வழக்கு நடக்கும்போது இரு தரப்பும் நெருங்கிப் பேசக்கூடாது என்று கௌசிக் இருமிக் காட்டினார். இருவரும் உடனே தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.

நாற்பதாவது வாய்தாவைச் சொல்ல மிருதுளா காத்திருக்கும் அறைத் திரையைப் போட்டாள். "தம்பிகளா, இன்னிக்கும் வழக்கு எடுக்கல. அடுத்த வாரம் போட்டிருக்காங்க."

நவநீதன் பசிக்கிறது என்று முனகினான். தர்ஷன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏனுங்க்கா, இப்படி வாய்தா மேல வாய்தா வாங்கிட்டு உக்காந்திருக்கறாரே என்ற அசலு, அந்தாளுக்கு வேற பொழப்பே இல்லீங்களா?"

"இல்ல தம்பி" என்றாள் மிருதுளா.